சொன்ன எடைக்கு மேல் பத்து

ஊரில் உள்ள உயரத்துக்கெல்லாம் ஆளை ஏற்றி இறக்குகிறவருடைய சொந்த மனைவி, நான்கு மாதமாக ஐந்தாம் மாடியிலிருந்து இறங்க முடியாமல் கிடந்தால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. முகத்துக்கு நேரே யாரும் சிரிக்கவில்லை. ஏணிக்காரர் லாரியை முனையில் நிறுத்திவிட்டு, தோளில் தண்ணீர்க் கேனோடு தொண்ணூறு படிகளை ஏற ஆரம்பித்த பிறகுதான் சிரித்தார்கள். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த தெரு.

லாரி அவருடையது இல்லை, முதலாளியுடையது. முதுகில் மடித்துப் படுக்க வைத்த இரும்பு ஏணி. ஏணிக்குள் ஏணி, அதற்குள் இன்னொரு ஏணி. நுனியில் இரண்டு பேர் நிற்கிற மாதிரி ஒரு கூண்டு. மணிக்கணக்கில் வாடகைக்குப் போகும். தெருவிளக்கு மாட்டுகிறவர்கள், கடைப் பலகை எழுதுகிறவர்கள், மரம் கழிக்கிறவர்கள், கண்ணாடி துடைக்கிறவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் போய், நான்கு இரும்புக் கால்களையும் ஊன்றி, ஆளை மேலே அனுப்பிவிட்டு, ஏணிக்காரர் கீழே கைப்பிடிகளோடு நிற்பார். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் தீயணைப்பு நிலையத்திலும் இதே வேலைதான். அங்கே நெருப்புக்காக ஏணி தூக்கியது எத்தனை தடவை என்று கேட்டால் ஒரு கை விரல் போதும் என்பார். மீதியெல்லாம் பூனை, காற்றாடி நூலில் மாட்டிய காக்கை, பெரிய மனிதர் வருகிறார் என்று கொடி கட்டுவது.

எல்லா மாடி ஜன்னலுக்குள்ளும் எட்டிப் பார்க்கிற தொழிலில் இருந்துகொண்டு, ஒரு நாளாவது ஒரு விஷயத்தை வெளியே சொல்லியிருப்பாரா? மாட்டார். கீழ்த்தளத்துத் தையல்காரம்மா எவ்வளவோ தூண்டில் போட்டுப் பார்த்தாகிவிட்டது. "நான் ஏணியோட நுனியத்தாம்மா பாக்குறேன். ஜன்னலப் பாத்தா வேலை போயிடும்" என்று முடித்துக்கொள்வார். இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு ஒரு தெரு எப்படிப் பொழுதைக் கழிப்பது?

லிஃப்ட் நின்ற கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். கட்டடத்தின் சங்கச் செயலாளர் முதல் மாடியில் இருக்கிறார். முதல் மாடிக்காரருக்கு லிஃப்ட் எதற்கு? பதினெட்டுப் படி ஏறினால் வீடு. அதனால் 'பழுது' என்று எழுதிய அட்டையை லிஃப்ட் கதவில் தொங்கவிட்டதோடு அவருடைய கடமை முடிந்துவிட்டது. இரண்டாம் மாதம் ஏணிக்காரர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி இரண்டு வார்த்தை கேட்டார். செயலாளர் நான்கு வார்த்தை திருப்பிச் சொன்னார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. செயலாளருடைய பழைய கார், பேட்டரி செத்துப்போய், கட்டட வாசலை ஒட்டி அதே நான்கு மாதமாக நிற்கிறது. லிஃப்டும் காரும் ஒன்றையொன்று பார்த்துப் படுத்துவிட்டன என்று தையல்காரம்மா சொல்வதுண்டு.

ஏணிக்காரர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஏறுவதென்றால் உட்கார்ந்து உட்கார்ந்து எப்படியாவது ஏறிவிடலாம். இறங்குவதுதான் ஆகாது, ஒவ்வொரு படிக்கும் முழங்காலுக்குள் யாரோ ஆணி அடிப்பது போலிருக்கும். அதோடு கண்ணில் புரை. ஒரு கண் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது, மற்றது அதன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால் கைப்பிடிச் சுவரில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அரை மணி நேரம் அந்தம்மா அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்காதவர்கள் தெருவில் யாருமில்லை. பார்க்காதவர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. ஆபரேஷன் போனதுதான் மிச்சம். மறுபடி நாள் வாங்கும்போது ஆஸ்பத்திரியில், "இந்தத் தடவையும் மூணு மணிக்குள்ள வரலன்னா பேரை எடுத்துடுவோம். அப்புறம் அடுத்த வருஷம்தான்" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷத்துக்குள் இரண்டாவது கண்ணும் போய்விடும் என்பது டாக்டர் சொல்லாமலே தெரிந்தது. போன வாரம் அந்தம்மா உப்பு டப்பாவைச் சர்க்கரை என்று நினைத்து எடுத்தார்.

"உங்க லாரியிலயே எறக்கிடுங்களேன்" என்று எல்லோரும் சொன்னதுதான். அந்தம்மாதான் பிடி கொடுக்கவில்லை.

"நான் என்ன பீரோவா? தெருவே வாயப் பொளந்து பாக்க, நான் தொங்கிக்கிட்டு வரணுமா?"

நாற்காலியில் தொங்கிய பிறகு அந்தப் பிடிவாதமும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. ஏணிக்காரர் முதலாளியிடம் கெஞ்சி, வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரையிலிருந்து ஒரு மணி நேரம் லாரியைக் கேட்டு வாங்கினார். அதற்கு முன்னாலும் பின்னாலும் வேலை நிரம்பியிருந்தது. முதலாளி ஒரு மணி நேரம் என்றால் அறுபத்தொன்றாவது நிமிடம் போன் அடிக்கும்.

அன்று விடியும்போதே பெரிய சாலையில் தெருவிளக்கு வேலை. புறப்படுவதற்கு முன், சமையலறை வாசலில் நின்று, முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"உன் எடை என்ன இருக்கும்?"

அந்தம்மா அடுப்பை அணைத்தார். ஏதோ நகை எங்கே என்று கேட்டதுபோலப் பார்த்தார்.

"எதுக்கு?"

"ஏணிக்குத் தெரியணும்."

"அறுபது."

ஏணிக்காரர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இந்த இடத்தில் அவருடைய தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் போனால் கதை விளங்காது. எடை விஷயத்தில் அவர் யாரையும் நம்புவதில்லை. ஏணி எவ்வளவு தள்ளி நீளுகிறதோ, அவ்வளவு குறைவாகத்தான் சுமக்கும். அதனால் கூண்டில் ஏறுகிறவர் எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டுதான் லாரியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வார். கேட்டால் எல்லோரும் பொய்தான் சொல்கிறார்கள். விளக்குக்காரர் இடுப்பில் கட்டிய கருவிகளைச் சேர்க்கமாட்டார். பலகை எழுதுகிற பெயின்டர் இரண்டு வாளிப் பெயின்டை மறந்துவிடுவார். மரம் கழிக்கிறவருக்கு ரம்பமும் வடமும் உடம்பின் பாகம் மாதிரி. அவற்றுக்கெல்லாம் எடை கிடையாது. வேண்டுமென்று சொல்கிற பொய் இல்லை, அவரவர்க்கு அவரவரைப் பற்றி உள்ள அபிப்பிராயம். அதனால் ஏணிக்காரர் யார் என்ன சொன்னாலும் மேலே பத்து கிலோ போட்டுக்கொள்வார். இத்தனை வருடத்தில் யாருக்கும் போடாமல் விட்டதில்லை. தான் ஏறினாலும் போட்டுக்கொள்வார்.

விடியலில் விளக்கு வேலை. பதினொரு விளக்கில் இரண்டு மட்டும்தான் எரியவில்லை என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு மட்டும்தான் எரிந்தன. அடுத்து துணிக்கடைப் பலகை. பெயின்டர் மேலே போனதும் பாட ஆரம்பித்தார். கடைசி எழுத்து முடிந்தபோது கடை முதலாளி கீழே நின்றுகொண்டு சிவப்பு வேண்டாம், நீலம் என்றார். அடுத்து பள்ளிக்கூடத்து மரம். கிளை விழ வேண்டிய பக்கத்தை விட்டு எல்லாப் பக்கமும் விழுந்தது. இத்தனைக்கும் கழுத்தை அண்ணாந்தபடியே நின்றதில் ஏணிக்காரருக்குப் பிடரியில் கல்லை வைத்துக் கட்டியது போலிருந்தது. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருக்கையிலேயே கிடந்தது. ஒன்றே முக்காலுக்குத்தான் தன் தெருவுக்குள் லாரியைத் திருப்பினார். கால் மணி நேரம் ஏற்கெனவே போயிற்று.

தெரு தயாராக இருந்தது. யாருக்கும் வேலையே இல்லை போலும். தையல்காரம்மா மெஷினை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார், வெளிச்சம் போதவில்லையாம்.

கட்டட வாசலை ஒட்டி நிறுத்தினால் ஏணி நேராக நிற்கும், ஒரு கவலையும் இல்லை. அங்கே செயலாளருடைய கார். அதை நகர்த்த வேண்டுமென்றால் முதல் மாடிக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். "சார்" என்று ஆரம்பிக்க வேண்டும். ஏணிக்காரர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அந்தக் காரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதிர்ப்பக்கம் இடம் இருந்தது. அங்கிருந்து ஏணி நிறையச் சாய்ந்து நீள வேண்டும். அவ்வளவு தூரத்துக்குக் கூண்டு நூற்றிருபது கிலோதான் தாங்கும். முதல் தடவை ஏறுகிறவரைத் தனியாக அனுப்பக் கூடாது, கூட, உதவிக்கென்று பைக்கில் வந்து நின்ற காலை விளக்குக்காரர் போகிறார். அவர் நூல் மாதிரி ஆள், சாமானெல்லாம் கழற்றி வைத்தால் ஐம்பத்தைந்து. மனைவி அறுபது. நூற்றுப் பதினைந்து. சரியாக இருந்தது. ரொம்பச் சரியாக இருந்தது.

மேலே பத்து? அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்துக்கொண்டேதான் எதிர்ப்பக்கம் கால்களை ஊன்றினார்.

விளக்குக்காரர் கூண்டில் ஏறிப் போனார். ஐந்தாம் மாடி பால்கனியில் கூண்டு போய் ஒட்டி நின்றது. கூண்டில் இருப்பவர் பேசுவது கீழே கேட்பதற்காகக் கைப்பிடிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. பெரிய சாலைச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்று அதை முழுசாகத் திருகி வைத்திருந்தார்கள். காலையில் வைத்தது, யாரும் குறைக்கவில்லை. அதனால் தெரு முழுவதும் அந்தம்மா குரல் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, ஆடுதே!"

"ஆடாது அண்ணி. ஸ்டூல் மேல கால வைங்க. என் தோளப் பிடிங்க. அவ்வளவுதான். பெல்ட்ட மாட்டிடறேன்."

"பையக் குடுங்க. அத விட்டுட்டு நான் வரமாட்டேன்."

இரண்டாவது காலும் கூண்டுக்குள் வந்தது. அலறல் கேட்டது. அந்தம்மா இல்லை, ஏணி. சிவப்பு விளக்கு மின்னி மின்னி எரிய, லாரி வாயைத் திறந்து கத்தியது. ஏணிக்காரர் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். எடை கூடிவிட்டால் அந்த இயந்திரம் எந்தப் பக்கமும் அசையாது, கெஞ்சினாலும் அசையாது.

"அண்ணே, என்னாச்சு?"

"எடை. பைய உள்ள வீசு."

பை பால்கனிக்குள் விழுந்தது. உள்ளே ஏதோ உடைந்த சத்தம். அலறல் நிற்கவில்லை.

"பையில என்ன வச்சிருக்கீங்க அண்ணி?"

"ரெண்டு பிளாஸ்க்கு. ஒண்ணு போச்சு."

"செருப்பு" என்று ஏணிக்காரர் சொன்னார். செருப்பும் போயிற்று. எதிர்வீட்டு ஜன்னல்களிலெல்லாம் இப்போது தலைகள். தையல்காரம்மா மெஷினை மிதிப்பது போல நடிப்பதைக்கூட விட்டுவிட்டார்.

"அந்தத் தம்பி எறங்கிட்டு, அம்மா மட்டும் வரட்டுமே!" என்று யாரோ கத்தினார்கள். விளக்குக்காரரும் அதையே சொன்னார். "நான் பால்கனியில எறங்கிக்கறேன் அண்ணே. அண்ணி தனியா வந்துடுவாங்க."

"கூடாது."

தீயணைப்பில் இருந்தபோது ஒரு தடவை, மூன்றாம் மாடி உயரத்தில், பதறிப்போன ஒரு ஆள் கூண்டின் கதவைத் தானே திறந்துவிட்டார். பக்கத்தில் யாருமில்லை. அதற்கு மேல் ஏணிக்காரர் அதை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம் கூட.

அவர் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார். மேலே இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஒன்று தன் மனைவி.

"இங்க பாரு. உண்மையில எவ்வளவு?"

அலறல் மட்டும்தான் கேட்டது.

"சொன்னாத்தான் லாரிய எங்க நிறுத்தறதுன்னு தெரியும். மணி ரெண்டு ஆகுது."

அந்தம்மா கீழே பார்த்தார். பால் படிந்த கண்ணுக்குத் தெருவில் யார் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் எல்லோரும் நிற்கிறார்கள் என்பது தெரிந்தது. பிறகு ஒலிபெருக்கி தெரு முழுவதற்கும் அறிவித்தது:

"எழுபத்தாறு."

கொஞ்சம் பொறுத்து, "நாலு மாசத்துக்கு முன்னாடி. இப்ப தெரியாது. உக்காந்தே கெடந்தா ஏறாம என்ன செய்யும்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் திடீரென்று தங்கள் செருப்புகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான்கு மாதம் என்பது கிலோக் கணக்கில் காதில் விழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் உள்ள போயி உக்காருங்க. கிட்ட வர்றேன்" என்றார் ஏணிக்காரர். அவர்கள் பால்கனிக்குத் திரும்பியதும்தான் லாரி வாயை மூடியது.

ஏணியை மடக்கி, கால்களைத் தூக்கினார். பிறகு கட்டடத்துக்குள் நடந்தார். பதினெட்டுப் படி ஏற வேண்டியிருக்கவில்லை. செயலாளர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், அவரும் வேடிக்கை பார்க்க.

"சார், கார நகர்த்தணும்."

"அதுல பேட்டரி இல்லையே."

"தெரியும். தள்ளணும்."

"காலையிலயே சொல்லியிருந்தா நானே ஏற்பாடு..."

"காலையில கேக்கல. இப்ப கேக்கறேன்." ஏணிக்காரர் குரலில் கோபம் இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டும்.

செயலாளருடைய முகத்தில் ஈயாடவில்லை. சாவியை எடுத்துக் காரின் கதவைத் திறந்து, ஸ்டியரிங் முன்னால் உட்காரப் போனார். தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து வந்தார்.

"நீங்க உள்ள உக்காந்தா அது ஒரு எண்பது கிலோ, சார். வெளிய நின்னே திருப்புங்க. அப்படியே ஒரு கையும் குடுங்க."

தள்ளினார்கள். மூன்று பேர் போதுமான வேலைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். நான்கு மாதக் காற்றில்லாத டயர் ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது. பிறகு ஒரு முனகலோடு நகர்ந்தது. கார் நின்ற இடத்தில் நீள்சதுரமாகச் சுத்தமான தரை தெரிந்தது.

ஏணிக்காரர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, மறுபடி காலுக்கடியில் வைக்கிற நான்கு பலகை, நான்கு கால், மறுபடி மட்டம் பார்த்தல். கணக்குப் போட்டார். எழுபத்தாறு. மேலே பத்து. இப்போது கூண்டு இருநூறு தாங்கும். விளக்குக்காரருக்கும் பத்து போட்டார். ஏணி ஏறக்குறைய நேராகவே மேலே போயிற்று, சத்தமில்லாமல்.

அந்தம்மா இறங்கி வந்தார். கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடி வரும்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, நாற்காலி மாட்டிய திருப்பத்தின் ஜன்னல் எதுவென்று விளக்குக்காரரிடம் கேட்டார். அவர் காட்டினார். "நாசமாப் போக" என்று ஒலிபெருக்கியில் கேட்டது. தரையில் கால் வைத்தபோது யாரும் கை தட்டவில்லை. தையல்காரம்மா ஒரு ஜோடி செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். பேச்சு கீச்சு ஒன்றுமில்லாமல். தெருவுக்கு அது புதுசு.

மணி இரண்டு முப்பத்தைந்து. முதலாளி மூன்று தடவை போன் அடித்துவிட்டார்.

விளக்குக்காரர் தன் பைக்கில் முன்னால் போக, அந்தம்மா லாரியிலேயே ஏறி ஏணிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பாட்டு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திறந்து பார்க்காமலே கனத்தை வைத்து அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு சிக்னல் தாண்டியதும் கேட்டார்.

"அந்தத் தம்பி சொல்லுச்சு. யாரு என்ன சொன்னாலும் மேல பத்து போடுவீங்களாமே."

"ம்."

"எனக்கு ஏன் போடல?"

வண்டி நின்றது, முன்னால் ஒரு பள்ளி வேன். ஏணிக்காரர் கியரின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். நீ சொன்னதை நம்பினேன் என்று சொல்லியிருக்கலாம். எந்த மனைவிக்கும் பிடித்த பதில்தான். விளக்கு, பலகை, மரம் எல்லாம் சேர்ந்து அந்தப் பொய்க்குக்கூடத் தெம்பு மிச்சம் வைக்கவில்லை.

"பத்து போட்டா கார நகர்த்தச் சொல்லணும். அந்த ஆளுகிட்டப் போயி நிக்கணும். நீ அறுபதுன்ன. எனக்கும் அது தோதா இருந்துச்சு."

அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். நான்கு மாதத்துக்குப் பிறகு சாலையைப் பார்க்கிறார், பார்க்க முடிந்த அளவுக்கு.

"எனக்கும் காலையில சண்டை போடத் தெம்பில்ல" என்றார். "எழுபத்தாறுன்னா, அடுத்தாப்புல ஏன், எதுக்கு, என்ன தின்னன்னு பேச்சு வரும்னு நெனச்சேன்."

"நான் எப்பக் கேட்டேன் அப்படியெல்லாம்?"

"கேக்கல. ஆனா அந்த நெனப்பு இருக்கே."

மூன்று அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். மகள் வேலையிடத்திலிருந்து நேராக வந்து காத்திருந்தாள். ஏணிக்காரர் அவர்களோடு உள்ளே போகவில்லை. கண்ணாடி துடைக்கிறவர்கள் ஏழு மாடிக் கட்டடத்தின் கீழே அவருக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே எடை கேட்டார். இரண்டு பேரும் ஐம்பது என்றார்கள். இரண்டு பேருக்கும் பத்து பத்து போட்டார்.

சாயங்காலம் ஆறரைக்கு மகளோடு அந்தம்மா வாடகைக் காரில் வந்து இறங்கினார், ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டோடு. ஏணிக்காரர் லாரியை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு நடந்து வந்திருந்தார். மகளுக்கு மறுநாள் விடியலில் வேலை. அம்மாவை அப்பாவிடம் விட்டுவிட்டு அதே காரில் போய்விட்டாள். ஏணி இல்லை. இனி படிதான், ஏறுவது எப்படியாவது ஏறிவிடலாம் என்பதுதானே கணக்கு.

தெரு சும்மா இருக்கவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் செயலாளர் வீட்டுப் பிரம்பு நாற்காலி. லிஃப்ட் ஆளை வரச் சொல்லியிருப்பதாகக் கதவிடுக்கில் நின்று சொன்னார். அதை நம்பியவர்கள் ஒருவரும் இல்லை, ஆனாலும் நாற்காலி நல்ல நாற்காலி. இரண்டாம் மாடியில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் பழைய நாற்காலியே, அதே மாட்டிக்கொண்ட நாற்காலி. அந்தம்மா அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, உட்காராமல் மேலே ஏறினார். நாலாம் மாடியில் தையல்காரம்மாவின் மெஷின் ஸ்டூல்; அதைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறியது யாராக இருந்தாலும் அவருக்கு விடிய விடிய மூச்சு வாங்கியிருக்கும்.

அந்த ஸ்டூல் வரும்போது, பின்னால் பையோடு வந்துகொண்டிருந்த ஏணிக்காரர் முந்திக்கொண்டு போய் அதில் உட்கார்ந்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. கால்களே போய் உட்கார்ந்தன. உட்கார்ந்த பிறகுதான் அது யாருக்காகப் போட்டது என்பது உறைத்தது; பதறி எழப் பார்த்தார்.

அந்தம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். ஒற்றைக் கண்ணால், அதுவும் மங்கிய கண்ணால், அவரை ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை அளந்தார்.

"எழுந்திருக்காதீங்க" என்றார். "இருங்க. இன்னும் பதினெட்டுப் படிதானே. மெதுவாப் போவோம்."